டிஸ்க்கைக் கழற்றினால் என்ன ஆகும்?

"பாஸ்வேர்டு போட்டிருக்கு, யாராலும் திறக்க முடியாது" என்று சொல்லித்தான் பலரும் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. காலையும் மாலையும் அந்தச் சொல்லைத் தட்டினால்தான் நமக்கே திரை திறக்கிறது. ஆனால் டிஸ்க்கில் இருப்பவை மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தால், பழுதுபார்ப்பவருக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து, கடையில் கிடைக்கும் யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு இன்னொரு கணினியில் செருகினால் கல்யாணப் படங்கள், வருமான வரிக் கணக்கு, ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம், மருத்துவ அறிக்கை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். திருகைத் தொடக்கூட வேண்டாம். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்ப முடிந்தால் அதுவே போதும்.

கடவுச்சொல்லைக் கேட்பது விண்டோஸ் என்னும் மென்பொருள். அது ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் கேட்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் வாசல் வழியாக வருகிறவரிடம்தானே பெயர் கேட்பார். பின்சுவரை எடுத்துவிட்டு வருகிறவர் அவர் கண்ணிலேயே படமாட்டார். கோப்புகளோ டிஸ்க்கில் நாம் எழுதியபடியே, எழுத்துக்கு எழுத்து கிடக்கின்றன.

கணினியில் கடவுச்சொல் இரண்டு வேலைகள் பார்க்கிறது. ஆள் யார் என்று சரிபார்ப்பது ஒன்று. கோப்பையே வேறொன்றாக உருமாற்றும் கணக்குக்குள் ஓர் எண்ணாகப் போய்ச் சேர்வது இன்னொன்று. தட்டும்போது இரண்டும் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவதுதான் சிக்கல். எந்தப் பெட்டி எந்த வேலையைச் செய்கிறது என்று திரை நமக்குச் சொல்வதில்லை. வீட்டுக் கணினியிலும் அலுவலகக் கணினியிலும் தனிப்பட்ட கோப்புகளை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பிறந்தது சரிபார்க்கும் வேலைதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கொர்பாட்டோ தலைமையில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு உருவானது. ஒரே பெரிய கணினியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்று காட்டிய அமைப்பு அது. ஆளுக்கு ஆள் தனிக் கோப்புகள் இருந்ததால், ஆளுக்கு ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். நியாயமான, நேரடியான தீர்வு. அது நீண்ட நாள் தாங்கவில்லை.

1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட 4 மணி நேரம் போதவில்லை. துளையிட்ட அட்டையில் கோப்பின் பெயரை எழுதிக் கொடுத்தால் அதை அச்சடித்து வைக்கும் வசதி அங்கே இருந்தது. அவர் கேட்ட கோப்பு, எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கியது. வெள்ளிக்கிழமை இரவு அட்டையைப் போட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் போய்த் தாளை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு மற்றவர்கள் கணக்கிலும் நேரம் கிடைத்தது. 1966இல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தினார்கள். திருத்தும் மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால், உள்ளடக்கங்கள் இடம் மாறிவிட்டன. நுழைகிறவர்களை வரவேற்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, முழுக் கடவுச்சொல் பட்டியலும் ஒவ்வொருவர் முனையத்திலும் ஓடியது. கொர்பாட்டோ பின்னாளில் டூரிங் விருது உரையில் இதைத் தாமே எடுத்துச் சொன்னார்.

சரிபார்க்கும் பூட்டுகள் இன்றும் நம் மேசையில் உள்ளன. எக்செலில் 'புரொடெக்ட் ஷீட்' என்று ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் சூத்திரங்களை யாரும் கைதவறி அழித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வசதி. பலர் அதை ரகசியத்துக்கான பூட்டு என்று நம்புகிறார்கள். இன்றைய எக்செல் கோப்பு உள்ளபடிக்கு ஒரு ஜிப் பொட்டலம். கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள்: உள்ளே 'வொர்க்ஷீட்ஸ்' என்றொரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ஷீட்டுக்கும் சாதாரண உரைக்கோப்பு, அதில் எல்லா எண்களும் வெளிச்சமாக. 'ஷீட்புரொடெக்ஷன்' என்று தொடங்கும் ஒற்றை வரியை அழித்துவிட்டு மறுபடி பொட்டலம் கட்டினால் பூட்டு போன இடம் தெரியாது. பிடிஎஃப் கோப்பில் 'அச்சடிக்கக் கூடாது, நகலெடுக்கக் கூடாது' என்று போடும் தடையும் இந்த வகைதான். கோப்பைத் திறக்கும் மென்பொருள் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை.

அதே எக்செலில், 'ஃபைல்' மெனுவின் 'இன்ஃபோ' பக்கத்தில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்று இன்னொன்று இருக்கிறது. வேறு உலகம் அது. அதைப் போட்ட கோப்பை எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் ஒரு சம்பளமும் தெரியாது. எழுத்துகள் மறைந்திருக்கின்றன என்றுகூடச் சொல்ல முடியாது. அங்கே எழுத்தே இல்லை. என்ன நடந்தது அவற்றுக்கு?

பெரும்பாலும் ஏஇஎஸ் நடந்தது. அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 1997இல் உலகம் முழுதுக்கும் ஒரு போட்டி அறிவித்தது. 15 முறைகள் வந்தன. மறையாக்க வல்லுநர்கள் ஒருவர் படைப்பை ஒருவர் உடைக்கப் பகிரங்கமாக முயன்றார்கள். 2000இல் வென்றது யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியர்கள் வடிவமைத்த முறை. 2001இல் அது ஏஇஎஸ் என்ற பெயரில் தரமானது. அதன் ஒவ்வொரு படியும் அச்சில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முறையை ஊரறியச் சொல்லிவிட்டு, சாவி என்ற ஓர் எண்ணில் மட்டும் ரகசியத்தை வைப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் வகுத்த நெறி. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தத் துணிச்சல்தான்.

ஏஇஎஸ் உங்கள் கோப்பை 16 பைட், 16 பைட்டாக நறுக்கிக்கொள்ளும். 'வணக்கம்' என்று தட்டினால் யூனிகோட் கணக்கில் 7 குறியீடுகள், தலைக்கு 3 பைட், ஆக 21 பைட். முதல் துண்டில் 'வணக்க' வரைக்கும் வந்து, அடுத்த குறியீட்டின் முதல் பைட்டோடு வெட்டுப்படும். அந்த 16 பைட்டும் நான்குக்கு நான்கு கட்டத்தில் அடுக்கப்படும். ஒவ்வொரு பைட்டும் ஓர் அட்டவணையைப் பார்த்து வேறொன்றாக மாறும். கிடைவரிசைகள் ஒவ்வோர் அளவுக்கு இடப்பக்கம் நகரும். ஒவ்வொரு நெடுவரிசையும் தனக்குள் கலக்கப்படும். பிறகு சாவியிலிருந்து பிறந்த 16 பைட் அதன்மேல் சேர்க்கப்படும். இது ஒரு சுற்று. இரண்டு சுற்று முடிவதற்குள் ஒரு பைட்டில் செய்த மாற்றம் பதினாறையும் தொட்டுவிடும். 128 பிட் சாவிக்கு 10 சுற்று, 256 பிட் சாவிக்கு 14. முடிவில் 'வணக்கம்' இருந்த இடத்தில் சும்மா இரைச்சல்போல் ஒன்று கிடக்கும். சாவி இருந்தால் ஒவ்வொரு படியும் அப்படியே பின்னோக்கி ஓடி, ஒரு பிட்கூடப் பிசகாமல் பழைய சொல் திரும்பி வரும்.

சாவியை ஊகித்தால்? 128 பிட் சாவி என்றால் 2ஐ 128 முறை பெருக்கிய அளவுக்குச் சாத்தியங்கள், அதாவது 39 இலக்க எண். விநாடிக்கு ஒரு லட்சம் கோடிச் சாவிகளைப் போட்டுப் பார்க்கும் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப்போல 78 கோடி மடங்கு காலம் பிடிக்கும்.

ஆகவே யாரும் சாவியை ஊகிக்க மாட்டார்கள். அந்தச் சாவி எதிலிருந்து பிறந்ததோ அதைத்தான் ஊகிப்பார்கள். நாம் தட்டும் சொல்லிலிருந்துதானே கணினி அந்தச் சாவியைச் சமைக்கிறது? 39 இலக்கச் சாத்தியங்கள் கொண்ட கணக்கை நாம் எட்டெழுத்துக்குச் சுருக்கிக் கொடுக்கிறோம்.

இந்தப் பலவீனத்தை 1979இலேயே ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் அளந்து பார்த்தார்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய பெல் ஆய்வகத்துக்காரர்கள். பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைத் திரட்டினார்கள்: ஒற்றை எழுத்து 15, இரண்டெழுத்து 72, மூன்றெழுத்து 464. இப்படியே கூட்டிப் பார்த்தால் 86 சதவீதம் எளிதில் விழக்கூடியவை. அவர்கள் தந்த மருந்துகள் இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. கடவுச்சொல்லோடு, ஆளுக்கு ஆள் மாறும் ஒரு தற்செயல் எண்ணைச் சேர்ப்பது ஒன்று. இதனால் இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்தாலும் விளைவு வெவ்வேறாகும். ஊகிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உழைத்தாக வேண்டும். கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது மற்றொன்று.

மெதுவாக்குவதன் வலிமை அசாத்தியமானது. எட்டுச் சிற்றெழுத்துக் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்து 26, எட்டு இடம், சுமார் 20,900 கோடிச் சாத்தியங்கள். விநாடிக்கு 100 கோடி ஊகம் செய்யும் கருவி இதை நாலு நிமிஷத்துக்குள் தீர்த்துவிடும். இப்போது ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரே கணக்கை ஒரு லட்சம் தடவை திரும்பத் திரும்பச் செய்தே ஆக வேண்டும் என்று வைத்தால், அதே கருவிக்கு எட்டு மாதம் ஆகும். எக்செல் 2010இலிருந்து அப்படித்தான் ஒரு லட்சம் தடவை. நமக்கோ கோப்பு திறக்க ஒரு விநாடிக்கும் குறைவான தாமதம். உரிமையாளர் ஒரு முறை காத்திருக்கிறார். திருடர் 20,900 கோடி முறை காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஊகிக்க வேண்டிய சாத்தியங்களே நூறுதான் என்றால் எந்த மெதுவும் காப்பாற்றாது. நம் எல்லோர் கணினியிலும் ஓர் உதாரணம் இருக்கிறது: தரவிறக்கிய இ-ஆதார். அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். ஆளே தெரியாதவர்கூட எல்லாச் சாத்தியங்களையும் பார்த்தால் 4 கோடியே 57 லட்சம். விநாடிக்கு ஒரு லட்சம் வேகத்தில் எட்டு நிமிஷத்துக்குள் முடியும். ஆளைத் தெரிந்தவருக்கு, ஏன், கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர் இருந்தால் எவருக்கும், மிஞ்சுவது ஆண்டு மட்டும். முகத்தைப் பார்த்து வயதைச் சொல்லத் தெரிந்தவர் கையாலேயே பத்து முறை தட்டித் திறந்துவிடலாம். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக்கி வரும் வங்கி அறிக்கைகளும் அப்படித்தான். நூறாண்டுக்குமாகச் சேர்த்தே சுமார் 36,500 தேதிகள். தவறான முகவரிக்கு மின்னஞ்சல் போய்விட்டால் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுக்குத்தான் அந்தப் பூட்டு. வருஷக்கணக்கில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் கிடக்க அது போதாது. பிரவுசிங் சென்டர் கணினியில் தரவிறக்கி அச்செடுத்துவிட்டு அழிக்காமல் வருவது அதைவிட மோசம்.

நல்ல சொல்லை எப்படித் தேர்வது? கென் தாம்சன் தமக்கென்று வைத்திருந்தது சதுரங்க நகர்வு ஒன்று: ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளு, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி, மொத்தம் எட்டு எழுத்து. சதுரங்கம் ஆடும் கணினியையே கட்டியவர் அவர். பழைய யூனிக்ஸ் மூலநிரலோடு தங்கிப்போயிருந்த கோப்பிலிருந்து அந்தக் கடவுச்சொல்லை 2019இல்தான் உடைத்தார்கள், அதுவும் நவீன கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை நான்கு நாளுக்கு மேல் ஓடவிட்டு. அவருடைய சகாக்கள் பலரின் சொற்கள் அதற்கு முன்பே விழுந்துவிட்டன.

நம்மில் எல்லோருக்கும் தாம்சனின் மூளை இல்லை. அது தேவையும் இல்லை. 1995இல் அர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் ஒரு வழி சொன்னார். 7,776 சாதாரணச் சொற்களை எண் போட்டு அடுக்குங்கள். பாம்பு-ஏணி விளையாட்டின் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். இப்படி ஆறு சொற்கள். தமிழிலேயே செய்யலாம்: உலக்கை, கரடி, நாவல், சீட்டு, மோர், திண்ணை. இவற்றை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டிவிடலாம், இரண்டே நாளில் மனப்பாடமாகிவிடும். (இதே ஆறு சொற்களை வைக்காதீர்கள், இவை அச்சேறிவிட்டன.) ஒரு லட்சம் தடவை மெதுவாக்கிய கணக்கோடு, முன்சொன்ன கருவி இந்தச் சாத்தியங்களை முழுதும் பார்த்து முடிக்க 70,000 கோடி ஆண்டுகள். சொற்களைப் பகடை தேர்வதில்தான் பலம் இருக்கிறது. நாமே யோசித்து எடுத்தால் பிள்ளையின் பெயரும் சாமி பெயரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். குறளின் முதல் அடியோ சினிமாப் பாட்டின் பல்லவியோ நீளமாக இருந்தும் பயனில்லை. ஊருக்கே தெரிந்த வரி ஊகிப்பவருக்கும் தெரியும்.

கோப்பு கோப்பாகப் பூட்டுவதில் ஓர் ஓட்டை உண்டு. ரகசிய ஃபோல்டரை 7-ஜிப்பில் கடவுச்சொல் போட்டுக் கட்டிவிட்டு, அசலை அழித்துவிட்டோம் என்று இருப்போம். அழித்தது குப்பைத்தொட்டியில் இருக்கும். அதையும் காலி செய்தால், டிஸ்க்கில் அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுமே தவிர, பழைய ஹார்டு டிஸ்க்கில் எழுத்துகள் வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். வேர்டு விட்டுச் சென்ற தற்காலிகப் பிரதிகள் வேறு. ஜிப் வகையில் கட்டினால் கோப்புகளின் பெயர்களும் வெளியே தெரியும். 'விவாகரத்து மனு' என்ற பெயர் தெரிந்தாலே பாதி ரகசியம் போயிற்று. 7-ஜிப்பின் சொந்த வகையில் பெயர்களையும் மறைக்கும் ஒரு டிக் பெட்டி உண்டு.

அதனால்தான் டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்வது மேல். விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிளில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ், எல்லாவற்றிலும் ஓடும் இலவச மென்பொருள் வேண்டுமென்றால் வெராகிரிப்ட். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. இதில் ஒரு நேர்த்தியான ஏற்பாடு இருக்கிறது. டிஸ்க்கை உருமாற்றும் சாவியை உங்கள் கடவுச்சொல்லிலிருந்து செய்வதில்லை. கணினியே தற்செயலாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. உங்கள் கடவுச்சொல், அந்தச் சாவியை மட்டும் பூட்டி டிஸ்க்கின் ஒரு மூலையில் சில நூறு பைட்டுகளாக வைக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் ஒரு டெராபைட்டையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்த மூலை மட்டும் மாறும், ஒரு விநாடி வேலை. கணினியை விற்கும்போது அந்த மூலையை எல்லாப் பிரதிகளோடும் அழித்துவிட்டால், மீதி டிஸ்க் முழுவதும் எவருக்கும் புரியாத இரைச்சலாகி நின்றுவிடும்.

ஒரே எச்சரிக்கை: கணினி விழித்திருக்கும்வரை சாவி நினைவகத்தில் இருக்கிறது. 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் மெமரி சிப்பின்மேல் குளிரூட்டும் ஸ்பிரேயை அடித்து மைனஸ் 50 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். மின்சாரத்தைத் துண்டித்துப் பத்து நிமிஷம் கழித்தும் பிட்டுகளில் ஒரு சதவீதம்கூட அழியவில்லை, சாவியைப் படித்துவிட்டார்கள். ஆகவே மூடியைச் சாத்தித் தூங்கவைத்த லேப்டாப்போடு பயணம் போவதைவிட, முழுதாக அணைத்துவிட்டுப் போவது நல்லது.

இவ்வளவு உறுதியான பூட்டுக்கு மறுபக்கமும் உண்டு. நார்வேயில் இவார் ஓசன் பெயரிலான மொழி அருங்காட்சியகத்தில், ரெய்டார் ட்யூபெடால் என்ற அறிஞரின் நூல் தொகுப்புக்கு ஒருவர் கணினியில் அட்டவணை தயாரித்தார், கடவுச்சொல் போட்டார், யாருக்கும் சொல்லாமல் இறந்துபோனார். 2002இல் அருங்காட்சியகம் உலகத்தாரிடம் உதவி கேட்டது. விரைவிலேயே விடை வந்தது: ட்யூபெடால் என்ற பெயரின் எழுத்துகள், பின்னிருந்து முன்னாக. பழைய பலவீனமான பூட்டாக இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். இன்றைய பூட்டாகவும், பகடை எடுத்துத் தந்த சொற்களாகவும் இருந்திருந்தால் அந்த அட்டவணை போனது போனதுதான்.

அலுவலகக் கணினியில் இந்த அபாயம் குறைவு, ஏனெனில் கடவுச்சொல் இல்லாமலே டிஸ்க்கைத் திறக்க உதவும் மீட்புச் சாவியின் பிரதி பெரும்பாலும் நிர்வாகத்தின் சர்வரில் இருக்கும். அதே காரணத்தால் உங்கள் மருத்துவ அறிக்கையை அங்கே வைப்பது உசிதமல்ல. டிஸ்க்கைத் திறக்கும் உரிமை உங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டில் நிலைமை தலைகீழ். பிட்லாக்கர் தரும் மீட்பு எண்ணை அச்சடித்து, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வைத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் "இது லேப்டாப்புக்கு" என்று சொல்லிவையுங்கள். எண்ணின் படத்தை அதே லேப்டாப்பில் வைத்துப் பயனில்லை.

அந்த எண்ணை ஒரு முறை உற்றுப் பாருங்கள். 48 இலக்கங்கள், ஆறாறாக எட்டுக் கூறுகள். ஒவ்வொரு கூறும் 11ஆல் மீதியின்றி வகுபடும். ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலும், அடுத்தடுத்த வெவ்வேறு இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றித் தட்டினாலும் அந்த வகுபடுதல் கெட்டுவிடும். கைநடுங்கத் தட்டுகிறவரிடம், எந்தக் கூறில் பிழை என்று கணினி அங்கேயே சொல்லிவிட முடிகிறது. 11ஆல் வகுத்து வரும் ஈவு ஒவ்வொன்றும் 16 பிட்டுக்குள் அடங்கும் எண். எட்டு ஈவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 128 பிட். பிரபஞ்சத்தின் வயதைப்போல 78 கோடி மடங்கு என்று கணக்கிட்டோமே, அதே அளவு எண், தாளில் இரண்டே வரியாக, பீரோவில் பத்திரங்களோடு இருக்கும்.